சிம்ப்யூட்டரும் கர்னல் மாட்யூலும்

கர்னல் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முறுக்கு மீசை வைத்த ராணுவ அதிகாரிதான் நினைவுக்கு வருவார். இந்தப் பதிவில் வரும் கர்னல் வேறு. கம்ப்யூட்டரில் மற்ற எல்லா புரோகிராம்களுக்கும் அடியில் இருந்துகொண்டு, யாருக்கு எவ்வளவு மெமரி, யாருக்கு எப்போது முறை என்று வேலை பிரித்துக் கொடுக்கும் அடிப்படைப் புரோகிராமுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகி விடுகின்றன. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இந்தக் குழப்பம் கிடையாது. ராணுவக்காரர் 'கொலொனெல்', கம்ப்யூட்டருக்குள் இருப்பது 'நுவாயோ'. நுவாயோ என்றால் பழத்துக்குள் இருக்கும் கொட்டை. கம்ப்யூட்டருக்கே ஆங்கிலப் பெயர் வேண்டாம் என்று 1955-ல் 'ஓர்தினத்தர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் அல்லவா பிரெஞ்சுக்காரர்கள்! ஐ.பி.எம். நிறுவனம் கேட்டதற்காக அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர்.

துறைமுகம், முத்துக்குளிப்பு, உப்பளம் என்று எழுதிக்கொண்டிருந்தவர் ஏன் இதற்குள் வருகிறார் என்று கேட்பீர்கள். இன்று தூத்துக்குடியில் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் பலர் கையில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரே போர்டு, அதன் மேல் எல்லாம். அதற்கும் முப்பது வருடத்துக்குக் குறையாத சரித்திரம் இருக்கிறது. அதில் நம் நாட்டுக்கு ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தை நாமே மறந்து விட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் அடிப்படை. 1991 ஆகஸ்டில் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் பொழுதுபோக்காக ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அதுதான் லினக்ஸ். அவர் எழுதியது கர்னலை மட்டும். அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், ஆனால் மாற்றியதை விற்றால் மூலநிரலையும் கூடக் கொடுக்க வேண்டும் என்ற உரிமத்தின் கீழ் 1992-ல் அதைக் கொண்டு வந்தார். இந்த ஒரு நிபந்தனை பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் காரணம். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் கர்னல் என்பது ஒரே கட்டி. கம்ப்யூட்டரில் செருகும் ஒவ்வொரு சாதனத்தையும் ஓட்டுவதற்கு ஒரு 'டிரைவர்' வேண்டும். (லாரி டிரைவர் இல்லை, இதுவும் ஒரு புரோகிராம்தான்.) புதிதாக ஒரு சாதனம் வாங்கினால், அதற்கான டிரைவரைச் சேர்த்து முழுக் கர்னலையும் மறுபடி கம்பைல் செய்து, மெஷினை அணைத்துப் போட வேண்டும். ஒரு குமாஸ்தாவைக் கூடுதலாக நியமிக்க ஆபீஸ் கட்டடத்தையே இடித்துக் கட்டுவது போல.

1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்புக்குள் இதற்கு ஒரு வழி சேர்ந்திருந்தது. அதுதான் மாட்யூல். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலில், மெஷினை அணைக்காமலே, ஒரு துண்டை ஏற்றலாம், வேண்டாதபோது இறக்கலாம். அரசு ஆபீஸ் வழக்கில் சொன்னால் டெபுடேஷன். வெளியிலிருந்து வருகிறவர், ஆனால் வந்து உட்கார்ந்ததும் நிரந்தர ஊழியருக்கு உள்ள எல்லா அதிகாரமும் அவருக்கு உண்டு. பீரோ சாவி முதற்கொண்டு அவர் கையில். சாதாரண புரோகிராம் கெட்டுப் போனால் அது மட்டும் சாகும். மாட்யூல் கெட்டுப் போனால் மொத்த மெஷினும் சாயும்.

அதனால்தான் உள்ளே விடுமுன் கர்னல் ஒரு சோதனை வைக்கிறது. அரசுக் கடிதங்களின் தலையில் 'பார்வை' என்று ஒரு வரி இருக்குமே, எந்தக் கோப்பு, எந்த எண், எந்த நாள் என்று. அதே போல ஒவ்வொரு மாட்யூலிலும், அது எந்தப் பதிப்புக் கர்னலுக்காகக் கட்டப்பட்டது, எந்த வகைச் சிப்புக்கு என்ற முத்திரை பதிந்திருக்கும். ஓடுகிற கர்னலின் முத்திரையோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் கதவு திறக்காது. 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பி விடும். பார்வை எண் தப்பு என்று தபாலைத் திருப்பி அனுப்பிய எத்தனையோ சூப்பிரண்டெண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காவது மதியத்துக்கு மேல் மனம் இளகும்.

கர்னலின் உள் அமைப்பை ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் எல்லாப் பதிப்புக்கும் ஒரே மாட்யூல் போதாதா? போதும். ஆனால் லினக்ஸ்காரர்கள் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டோம் என்று வெளிப்படையாக எழுதியே வைத்திருக்கிறார்கள். உள்ளே எதையும் எப்போதும் திருத்தும் சுதந்திரம் தங்களுக்கு வேண்டும், மூலநிரல் எல்லோரிடமும் இருக்கிறது, ஆகவே மறுபடி கட்டிக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் கட்சி. நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் கட்டத் தெரிந்தவனுக்கு மட்டும்.

நம் ஊர் உதாரணம் ஒன்று இதற்குப் பொருத்தமாக அமைகிறது. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் தூத்துக்குடியை ஒட்டிய வேப்பலோடையில் வளர்ப்பு முத்து எடுத்தது உங்களுக்குத் தெரியும். டாக்டர் அழகர்சாமி தலைமையில் நடந்த வேலை. சிப்பியை லேசாகத் திறந்து, ஒரு சிறு மணியையும், இன்னொரு சிப்பியின் மேலுறையிலிருந்து வெட்டிய சதைத் துண்டையும் உள்ளே வைப்பார்கள். சிப்பி உயிரோடு இருக்கும்போதே செய்கிற காரியம் இது. ஒட்டிக்கொண்டால் முத்து. உடம்பு ஏற்காவிட்டால் சிப்பி மணியை வெளியே தள்ளி விடும். அந்த மணிக்கும் பிரெஞ்சில் நுவாயோ என்றுதான் பெயர்! சிப்பிக்குள் நுவாயோவை வைக்கிறார்கள், கம்ப்யூட்டரிலோ நுவாயோவுக்குள் மாட்யூலை வைக்கிறார்கள். இரண்டிலும் ஓடுகிற உடம்பைத் திறக்கிறோம், உடம்பு சம்மதிக்க வேண்டும்.

இனி சிம்ப்யூட்டர். 1998-ல் பெங்களூரில் வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. ஏழை நாட்டுக் கிராமத்தானுக்கு ஏற்ற கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்தது. அதைத் தொடர்ந்து இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி.வினய் நால்வரும், என்கோர் என்ற பெங்களூர் நிறுவனத்தைச் சேர்ந்த மூவருமாக ஏழு பேர் ஒரு அறக்கட்டளை அமைத்தார்கள். 2001 ஏப்ரலில் முதல் மாதிரியைக் காட்டினார்கள். கையில் அடங்கும் பெட்டி. எழுதுகோலால் தொட்டு வேலை செய்யும் திரை. உள்ளே ஒரே போர்டு. அதில் இன்டெல்லின் ஸ்ட்ராங்ஆர்ம் சிப், 206 மெகாஹெர்ட்ஸ். அதன் மேல் லினக்ஸ். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்காக இந்திய மொழியில் வாய்விட்டுப் படித்துச் சொல்லும். விலை சுமார் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது குறி. அதுவும் வாங்க முடியாதவனுக்கு ஸ்மார்ட் கார்டு. ஊருக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு கார்டு. கார்டைச் செருகினால் அவனவன் கணக்கு அவனவனுக்கு. 2001-ல் இதை யோசித்திருக்கிறார்கள்! அந்த ஆண்டு முடிவில் நியூயார்க் டைம்ஸ் இதழே இதைப் புகழ்ந்து எழுதியது.

எனக்கு இதில் பிடித்தது உரிமம். லினக்ஸின் நிபந்தனையை இவர்கள் போர்டின் வரைபடத்துக்கும் கொண்டு வந்தார்கள். யார் வேண்டுமானாலும் போர்டை மாற்றி அமைத்து விற்கலாம், ஆனால் செய்த மாற்றத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அறக்கட்டளையிடம் கொடுத்துவிட வேண்டும். சாமான்களுக்கு இப்படி ஒரு உரிமம் எழுதுவது அன்று உலகத்திலேயே புதுசு.

2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் பிகோபெட்டா என்ற நிறுவனமும் சேர்ந்து 'அமிதா' என்ற பெயரில் கடைக்குக் கொண்டு வந்தன. பெட்டியைச் சாய்த்தாலே பக்கம் திரும்பும் வசதி அதில் இருந்தது. ஆப்பிள் ஐபோன் வருவதற்கு மூன்று வருடம் முந்தி. கர்நாடகத்தில் நிலப் பதிவேடுகளைக் கணினிமயமாக்கும் வேலையில் சிம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார்கள். அடங்கலும் பட்டாவும் கையால் எழுதிய காலத்தில் பழகிய எனக்கு, வயலில் நின்றபடியே பதிவு செய்யும் பெட்டி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறது. ஆனால் விற்பனை எடுபடவில்லை. 50,000 போகும் என்று எதிர்பார்த்தார்கள். 2005 வாக்கில் சுமார் 4,000தான் போயிருந்தது.

ஏன் என்பதற்குப் பல பேர் பல காரணம் சொன்னார்கள். விலை குறிவைத்த அளவுக்கு இறங்கவில்லை, செல்போன் மலிந்துவிட்டது, அரசு கைகொடுக்கவில்லை. எல்லாம் உண்மை. என் கணக்கில் இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட சின்ன போர்டுக்கு அந்தக் காலத்தில் கர்னலைத் தனியாகக் கட்ட வேண்டும். சாதாரண பி.சி.யில் ஓடும் கர்னல் அதில் ஓடாது. சிப்பின் இனமே வேறு. இங்கிலாந்தில் ரஸ்ஸல் கிங் என்பவர் 1994 முதல் ஆர்ம் சிப்புக்கு லினக்ஸைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மாற்றங்களைச் சேர்த்து, அதன் மேல் அந்தந்த போர்டுக்கான மாற்றங்களையும் சேர்த்து, பெரிய கம்ப்யூட்டரில் வைத்துக் கட்டி, பிறகு சின்னப் பெட்டிக்குள் இறக்க வேண்டும். வல்லத்தைக் கரையில் வைத்துக் கட்டித்தானே கடலில் தள்ளுகிறோம், அது மாதிரி. புதுச் சாதனம் ஒன்றைச் செருக வேண்டுமானால் அதற்கான மாட்யூலும் அதே கர்னலுக்கென்று கட்டியாக வேண்டும். சிம்ப்யூட்டரின் கதவு காகிதத்தில் திறந்துதான் இருந்தது. உள்ளே வந்து கட்டத் தெரிந்த கைகள் 4,000 பெட்டிகளைச் சுற்றி எத்தனை இருந்திருக்க முடியும்?

அதே சமயம் அமெரிக்காவில் நேர்மாறாக ஒன்று நடந்தது. லிங்க்சிஸ் நிறுவனம் விற்ற ஒரு இன்டர்நெட் ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-ல் சிலர் கண்டுபிடித்தார்கள். உரிமத்தைக் காட்டி நெருக்கியதில் நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதை எடுத்து, உலகெங்கும் ஆட்கள் ரௌட்டருக்குப் புதுக் கர்னலும் புது மாட்யூல்களும் கட்டத் தொடங்கினார்கள். ஓபன்டபிள்யூஆர்டி என்று அந்த முயற்சி இன்றும் நடக்கிறது. திறக்க மனமில்லாத பெட்டி பிழைத்தது, திறந்தே பிறந்த பெட்டி போனது. பெட்டி லட்சக்கணக்கில் வீடுகளில் இருந்ததுதான் வித்தியாசம்.

தமிழ்நாட்டில் நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எல்காட் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோது 2006, 2007-ல் அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றினார். சி-டாக் நிறுவனம் 2007-ல் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. அதைச் செய்தது சென்னையில். ஆபீஸ்களில் இதைப் பற்றி எழுந்த புகார்களில் பாதி 'இந்த ஸ்கேனர் வரவில்லை, அந்த நெட் கார்டு தெரியவில்லை' என்பதுதான். அந்தச் சாதனத்துக்கு மாட்யூல் இல்லை, அல்லது இருந்தும் கட்ட ஆளில்லை. ஆனால் பழியெல்லாம் லினக்ஸ் மேல் விழும்.

சின்ன போர்டுகள் பெருகப் பெருக ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் போர்டைப் பற்றிய விவரத்தைக் கர்னலுக்குள்ளேயே எழுதிச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2011-ல் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, ஆர்ம் பக்கம் முழுவதும் தலைவலி என்று அச்சில் ஏற்ற முடியாத வார்த்தையில் எழுதினார். அதன் பிறகு போர்டு விவரங்களைக் கர்னலுக்கு வெளியே தனிப் பட்டியலாக வைக்கும் முறை ஆர்மிலும் வேரூன்றியது. 'டிவைஸ் ட்ரீ' என்று பெயர். இந்த முள்ளில் எந்தச் சிப், அந்தக் கம்பியில் எந்த உணர்கருவி என்று சொல்லும் சொத்து ஜாபிதா. மாட்யூல் ஏறினால் மட்டும் போதாது. தன் சாதனம் எங்கே இருக்கிறது என்று இந்த ஜாபிதாவில் இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் ராஸ்ப்பெரி பை வந்தது. 35 டாலர். 700 மெகாஹெர்ட்ஸ், 256 எம்.பி. நினைவகம். கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் படிக்க வரும் மாணவர்களுக்குப் போதிய அடிப்படை இல்லை என்று கவலைப்பட்ட எபென் அப்டனும் நண்பர்களும் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்தது. பத்து வருடத்தில் 4 கோடிக்கு மேல் விற்றது. சிம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் இதில் திரை இல்லை, பேச்சு இல்லை, கிராமத்தான் பற்றிய கனவும் இல்லை. கைகள் இருந்தன. எந்தப் பிழைச் செய்தி வந்தாலும் அதை முன்பே பார்த்து, வழி எழுதி வைத்தவர் எங்காவது இருந்தார்.

நம் ஊரில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். திரேஸ்புரத்தில் ஒரு பையன், அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். இரவில் பெரிய கப்பல்கள் போகும் பாதையைக் கடக்க வேண்டியிருக்கும். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி, சரக்குப் பெட்டி என்று துறைமுகத்துக்கு வருகிற கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம் எல்லாவற்றையும் ஏ.ஐ.எஸ். என்ற முறையில் ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருக்கும். 300 டன்னுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணக் கப்பல்களுக்கு அது 2004 முடிவிலிருந்து கட்டாயம். ஓடும் கப்பல் சில விநாடிக்கு ஒரு முறை சொல்லும், நங்கூரம் போட்டது மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை. வானத்தில் போகிற பேச்சு, கேட்க யாரும் தடையில்லை. டி.வி. பார்ப்பதற்காகச் செய்த ஒரு யு.எஸ்.பி. குச்சியை ரேடியோவாகப் பயன்படுத்தலாம் என்று 2012-ல் கண்டுபிடித்திருந்தார்கள். பையன் அதையும் ஒரு ராஸ்ப்பெரி பையையும் மொட்டைமாடியில் வைத்துவிட்டான். முயல் தீவுக்கு அப்பால் நிற்கும் கப்பல்கள் வரை அவன் அம்மாவின் போனில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தன.

இதிலே முதல் வேடிக்கை, குச்சியைச் செருகியதும் கர்னல் 'ஆகா, டி.வி.' என்று தானாகவே டி.வி. மாட்யூலை ஏற்றிவிடும். பிறகு ரேடியோ புரோகிராமுக்குக் குச்சி கிடைக்காது. அந்த மாட்யூலை ஏற்றாதே என்று ஒரு தடைப் பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, மாடியிலிருந்து வீட்டுக்கு வைஃபை வேண்டும். அவன் வைத்திருந்த பழைய பையில் வைஃபை கிடையாது. வாங்கிய வைஃபை குச்சிக்கான டிரைவர் கர்னலில் இல்லை. மூலநிரலை இறக்கி, ஓடும் கர்னலுக்கு உரிய தலைப்புக் கோப்புகளைப் போட்டு, 'மேக்' என்று ஒரு கட்டளை. சில நிமிடத்தில் மாட்யூல் தயார். வேலை செய்தது.

2019-ல் ஒரு நாள் வந்தான். "தாத்தா, அப்டேட் போட்டேன், வைஃபை போச்சு. பழைய மாட்யூலையே ஏத்திப் பாத்தேன், ஏற மாட்டேங்குது."

"கர்னல் நம்பர் மாறிச்சா?"

"4.14 இருந்துச்சு, இப்ப 4.19. மறுபடி கட்டலாம்னு பாத்தா அதுவும் பாதியில நிக்குது, தாத்தா. அப்பா ராத்திரி போறாரு."

பாதியில் நின்றதற்குக் காரணம் சுவாரசியமானது. கர்னலுக்குள் நேரம் குறித்து வைக்கும் முறையை 4.15-ல் மாற்றியிருந்தார்கள். பழைய முறையில் எழுதிய டிரைவர்கள் ஏராளமாக அதில் அடிபட்டன. முத்திரை மட்டும் பழையதாக இருந்தால் மறுபடி கட்டினால் போதும். இங்கே மூலநிரலிலேயே சில வரிகளை மாற்ற வேண்டும். யாரோ முகம் தெரியாத ஒருவர் அந்த வரிகளைத் திருத்தி வெளியிட்டிருந்தார். பையன் அதை எடுத்து, என்ன மாறியிருக்கிறது என்று வரிவரியாக ஒப்பிட்டுப் படித்து, கட்டி, ஏற்றினான். சாயங்காலத்துக்குள் அம்மா போனில் புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. பதிப்பு மாறும்போதெல்லாம் தானாகவே மறுபடி கட்டும் ஒரு ஏற்பாட்டை டெல் நிறுவனத்தார் 2003-லேயே செய்திருக்கிறார்கள், டி.கே.எம்.எஸ். என்று. அடுத்த வாரம் அதையும் போட்டுவிட்டான். ஆனால் நேரம் குறிக்கும் வரிகள் மாறியது போன்ற சமயத்தில் அதுவும் கைவிரித்துவிடும், ஆள்தான் உட்கார வேண்டும்.

இந்தக் கதையின் இன்னொரு முனை இப்போது சென்னையில் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி' என்ற பெயரில் சிப்பையே இங்கே வடிவமைத்தார்கள். 2018 ஜூலையில் அதன் ஒரு வகையில் லினக்ஸ் ஓடியது. அதை அச்சிட்டது அமெரிக்காவில் இன்டெல் ஆலை. அதே வருடத்தில் சண்டிகரில் நம் அரசு ஆலையிலும் ஒரு வகை செய்தார்கள். 2020-ல் 'மௌஷிக்' என்று இன்னொன்று. இதன் இனம் ஆர்ம் இல்லை, ரிஸ்க்-ஃபைவ். திரேஸ்புரத்துப் பையன் கட்டிய வைஃபை மாட்யூலைக் கொண்டுபோய் அதில் ஏற்றினால் ஏறாது. அதே மூலநிரலை எடுத்து, சக்தியின் கர்னலுக்கென்று மறுபடி கட்ட வேண்டும். மூலநிரல் அவன் கையில் இருக்கிறது, வரிவரியாகப் படித்தும் வைத்திருக்கிறான்.